சுரப்பிகளின் சரித்திரம் — 11: உடைந்த ஹார்மோனின் துண்டு

மூளையின் அடித்தளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பிக்கு மேலிருந்து கட்டளை வருகிறது என்றும், அக்கட்டளை நரம்பின் வழியாக அன்றி மெல்லிய இரத்த நாளங்களின் வழியாக ஒரு ரசாயனப் பொருளாகவே இறங்கி வருகிறது என்றும் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஜெஃப்ரி ஹாரிஸ் நிலைநாட்டிய வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். ஹாரிஸ் பாதையைக் காட்டினாரே தவிர, அப்பாதையில் நடமாடும் பொருளைக் குப்பியில் அடைத்து உலகத்தின் முன் வைக்க அவரால் முடியவில்லை. ஆகவே, கண்ணால் காணாத ஒன்றை நம்பச் சொல்கிறார்கள் என்று எதிர்க்கட்சியார் பேசிக்கொண்டிருந்ததற்கு 1955-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூலுக்குப் பின்னரும் முற்றுப்புள்ளி விழவில்லை. அந்தப் பொருள் எவ்வாறு அகப்பட்டது என்பதையும், அகப்பட்ட பின்னர் அது உடலுக்குள் உடைந்து சிதறும்போது பிறக்கின்ற ஒரு சிறு துண்டைப் பற்றி எழுந்த வினாக்களையும் இந்த இதழில் சொல்லப்போகிறேன். முதற்பகுதி பலரும் அறிந்த கதை; நோபல் பரிசு வரை சென்ற கதை. இரண்டாவது பகுதியோ, பரிசும் ஆரவாரமும் இல்லாமல் நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சில ஆய்வுக்கூடங்களில் மட்டும் நடந்துவருகின்ற கதை. எனக்கு அந்த இரண்டாவது பகுதியின்மீதே பற்று அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபிரான்ஸ் தேசத்து டிஷோன் நகரில் 1924-ல் பிறந்து, சிறிது காலம் கிராமத்து வைத்தியராகப் பணிபுரிந்து, பின்னர் கனடாவில் ஹான்ஸ் செல்யேயிடம் ஆராய்ச்சி பயின்று, 1953-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தவர் ரோஜர் கில்லெமின். அன்று போலந்துக்கு உட்பட்டிருந்த வில்னோ நகரில் 1926-ல் பிறந்து, உலகப் போரின் கொடுமையில் தாய்நாட்டை இழந்து, ருமேனியாவிலும் பின்னர் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்து, லண்டனிலும் மான்ட்ரியலிலும் ரசாயனம் கற்றவர் ஆண்ட்ரூ ஷாலி. 1957-ல் ஷாலி ஹூஸ்டன் வந்து கில்லெமினுடன் சேர்ந்தார். அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனை வெளிவரச் செய்யும் பொருள் எதுவோ, அதையே இருவரும் ஐந்தாண்டுகள் தேடினார்கள், அது கிட்டவில்லை. (அது 41 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலி என்பது 1981-ல்தான், கில்லெமினின் மாணவராயிருந்த வைலி வேல் என்பவரால் தெளிந்தது.) தோல்வி மனஸ்தாபத்தை வளர்த்தது. 1962-ல் ஷாலி பிரிந்து நியூ ஆர்லியன்ஸுக்குச் சென்று தமக்கெனத் தனி ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். அன்று முதல் இருவரும் ஒரே இலக்கை நோக்கி, ஒருவரை ஒருவர் முந்தவேண்டும் என்னும் உக்கிரமான வைராக்கியத்தோடு ஓடினார்கள். இப்போது அவர்கள் தேடியது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை விடுவிக்கின்ற பொருளை.

அந்தத் தேடலின் பிரமாணத்தை வாசகர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிட்யூட்டரிக்கு மேலேயுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதி மிகச் சிறியது. அதிலுள்ள ஹார்மோனின் அளவோ, தராசில் நிற்காத அளவு. ஆகையால் கசாப்புச் சாலைகளில் வெட்டுண்ட ஆடுகளின் மண்டையைத் திறந்து, மூளையின் அடிப்புறத்திலிருந்து அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து, அது கெட்டுப்போகுமுன் உறையவைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கில்லெமின் செய்தார். அங்கே அவை ஈரம் போக உலர்த்தப்பட்டு, மாவாக அரைக்கப்பட்டு, அமிலத்தில் ஊறி, மனிதனைவிட உயரமான கண்ணாடிக் குழாய்களில் நிரப்பிய களிமங்களினூடே சொட்டுச் சொட்டாக வடிந்து, ஒவ்வொரு வடிநீரும் எலியின்மீது சோதிக்கப்பட்டு, வீரியமுள்ளது மட்டும் அடுத்த குழாய்க்குச் சென்றது. சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துண்டுகள், ஏறக்குறைய 500 டன் மூளையிலிருந்து இவ்வாறு சேகரிக்கப்பட்டன. ஷாலிக்கோ, ஆஸ்கர் மேயர் என்னும் இறைச்சி நிறுவனம் பன்றிகளின் ஹைப்போதலாமஸ் துண்டுகளை லட்சக்கணக்கில் இலவசமாகவே அளித்தது. முடிவில் கில்லெமினுக்கு 3 லட்சம் ஆடுகளிலிருந்து கிடைத்த சுத்தமான பொருள் ஒரு மில்லிகிராம். ஷாலிக்கு 1 லட்சம் பன்றிகளிலிருந்து கிடைத்தது 2.8 மில்லிகிராம். இத்தனை உயிர்களின் மூளையிலிருந்து எடுத்தது ஒரு விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் தூள்! விஞ்ஞான சரித்திரத்தில் இதற்கு இணையான உழைப்பைத் தேடினால், டன் கணக்கான கனிமத்தைக் கிளறி ரேடியத்தைப் பிரித்த கியூரி தம்பதியரின் உழைப்பையே சொல்ல வேண்டும்.

1966-ல் ஷாலி தம்முடைய தூளில் மூன்று அமினோ அமிலங்கள் சம அளவில் இருப்பதைக் கண்டார்: குளூட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின். விடை அப்போதே அவர் கையில் இருந்தது. ஆயினும் அந்த மூன்றும் சேர்ந்து தூளின் எடையில் மூன்றிலொரு பங்குகூடத் தேறவில்லையாதலால், இது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாகிய பெப்டைடு அன்று, வேறு ஏதோ அந்நிய ரசாயனமும் கலந்திருக்கவேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். கையில் கிடைத்த விடையை ஐயம் தட்டிப் பறித்துக்கொண்டு போயிற்று. மூன்று ஆண்டுகள் வீணாயின.

1969 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசன் நகரில், இத்துறை ஆராய்ச்சியாளர்கள் கூடிய ஒரு மாநாடு நடந்தது. அரசாங்கத்தின் பணம் ஆண்டுதோறும் கரைந்துகொண்டிருக்க, கண்ணெதிரே ஒரு மூலக்கூறும் வந்து நிற்காத நிலையில், இந்த ஆராய்ச்சிக்கு இனியும் உதவி தொடரவேண்டுமா என்னும் கேள்வி அக்கூட்டத்தின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேதான் கில்லெமினின் ரசாயன சகாவாகிய ரோஜர் பர்கஸ் எழுந்து, தம் மாதிரியின் எடையில் சுமார் 80 சதவிகிதம் அந்த மூன்று அமினோ அமிலங்களே என்று அறிவித்தார். அப்படியானால் அது பெப்டைடேதான். வேறு மாயம் ஒன்றும் இல்லை. இதைக் கேட்ட ஷாலி தரப்பினரும் தங்கள் பழைய குறிப்புகளை எடுத்துத் தூசி தட்டினார்கள்.

மூன்று அமினோ அமிலங்களை வரிசைப்படுத்த ஆறு வழிகள் உண்டு. அந்த ஆறு முப்பெப்டைடுகளையும் ரசாயனிகள் செய்து பார்த்தாயிற்று. ஆறில் ஒன்றிலும் ஜீவன் இல்லை. பின்னர் அவற்றை ஒரு அசிட்டிக் சேர்மத்தோடு வினைபுரியச் செய்தபோது, குளூட்டாமிக்–ஹிஸ்டிடின்–புரோலின் என்னும் வரிசையில் அமைந்த ஒன்றே ஒன்று திடீரென உயிர்பெற்று எலியின் பிட்யூட்டரியைத் தூண்டிற்று. முதலாவது அமினோ அமிலம் தன்னுள் தானே வளைந்து ஒரு வளையமாக மூடிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் ரகசியம். கடைசிப் புரோலினின் நுனியும் ஓர் அமைடு தொகுதியால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது அடுத்துத் தெளிந்தது. தலையும் மூடி வாலும் மூடிய இந்தச் சிறு பொருளின் அமைப்பை 1969 நவம்பரில், சில நாட்கள் இடைவெளியில், இரு தரப்பினரும் வெளியிட்டார்கள். ஷாலியின் பக்கத்தில் நின்று ரசாயன வேலையைத் தாங்கியவர் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக் கார்ல் ஃபோக்கர்ஸ். டி.ஆர்.எச். என்னும் சுருக்கப் பெயரால் இன்று மருத்துவ உலகம் அறியும் ஹார்மோன் இதுதான். 1977-ல் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதியைக் கில்லெமினும் ஷாலியும் பகிர்ந்துகொண்டார்கள். மறுபாதி ரோசலின் யாலோ என்னும் அம்மையாருக்குக் கிடைத்தது. அந்த அம்மையாரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவருக்கு இன்னொரு இடம் உண்டு.

இனி நம் கதையின் இரண்டாவது பகுதி.

ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தவுடன் ஆராய்ச்சியாளர்கள் இரு கேள்விகள் கேட்பது வழக்கம். அது எங்கெங்கே இருக்கிறது? தன் வேலையை முடித்தபின் என்ன ஆகிறது? முதற் கேள்விக்குக் கிடைத்த விடை வியப்பூட்டியது. மூளையிலுள்ள டி.ஆர்.எச்.சில் பெரும்பங்கு ஹைப்போதலாமஸுக்கு வெளியேதான் இருந்தது, முதுகுத் தண்டில் இருந்தது, கணையத்தில் இருந்தது, தவளையின் தோலில் ஏராளமாக இருந்தது. தவளையின் தோலுக்குத் தைராய்டு நிர்வாகத்தோடு என்ன சம்பந்தம்? ஆகவே, தைராய்டைத் தூண்டுவது இதன் பல வேலைகளில் ஒன்று மட்டுமே என்று ஊகிக்க இடமேற்பட்டது. மயக்க மருந்தாலும் சாராயத்தாலும் சுருண்டு கிடந்த எலிகள், இந்த ஹார்மோனைச் செலுத்தியவுடன் சீக்கிரம் விழித்தெழுந்தன என்று பலர் கண்டு எழுதினார்கள்.

இரண்டாவது கேள்வியின் விடையை அக்காலத்தில் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இரத்தத்தில் டி.ஆர்.எச். சில நிமிஷங்களே தாக்குப்பிடிக்கும். நொதிகள் அதை வெட்டிவிடும். வெட்டுண்ட துண்டுகள் கழிவு. அவ்வளவுதான் என்று பாடப்புத்தகங்கள் முடித்துக்கொண்டன. ஆனால் அமெரிக்காவின் பெதஸ்தாவிலுள்ள தேசிய சுகாதார நிலையத்தில் சந்தன் பிரசாத், ஆலன் பீட்டர்காஃப்ஸ்கி என்னும் இருவர், அந்தக் கழிவையே உற்றுப் பார்க்கத் துணிந்தார்கள். 1976-ல் வெட்டு எப்படி நடக்கிறதென்று அவர்கள் வெள்ளெலியினத்தைச் சேர்ந்த ஹாம்ஸ்டரின் ஹைப்போதலாமஸிலிருந்து எடுத்த சாற்றை வைத்து ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு நொதி, ஹார்மோனின் வளையமாக மூடிய தலையை மட்டும் துண்டித்துவிட, ஹிஸ்டிடினும் அமைடு பூண்ட புரோலினும் ஒட்டிய ஒரு ஜோடி எஞ்சிற்று. அந்த ஜோடியும் நிலைத்து நிற்கவில்லை. எந்த நொதியின் உதவியும் இல்லாமல், உடலின் சாதாரண வெப்பத்திலும் அமிலநிலையிலுமே, ஹிஸ்டிடினின் தனித்து நின்ற நைட்ரஜன் எதிர்முனையிலிருந்த புரோலினைப் பற்றிக்கொள்ள, ஓர் அம்மோனியா வெளியேறி, இரண்டும் ஒரு மூடிய வளையமாகி நின்றன. ஹிஸ்டிடில்–புரோலின் டைகீட்டோபைபெரசின் என்று அதற்குப் பெயர். பின்னாளில் சைக்ளோ ஹிஸ்–புரோ என்று சுருக்கி அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இந்த வளையம் இத்தனை சுலபமாகப் பூட்டிக்கொள்வதற்குக் காரணம் புரோலின். மற்ற அமினோ அமிலங்கள் சங்கிலியில் விரைப்பாக நிற்க விரும்புகையில், தன் நைட்ரஜனையும் ஒரு சிறு வளையத்துக்குள் அடக்கி வைத்திருக்கும் புரோலின், முழங்கை மடிந்த கைபோலச் சங்கிலியை மடக்கி, இரு நுனிகளையும் அருகருகே கொண்டுவந்துவிடும். பெப்டைடுகளைச் செயற்கையாகச் செய்யும் ரசாயனிகளுக்கு இது நீண்டகாலத் தொந்தரவு, இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்து மூன்றாவதைச் சேர்க்கப் போவதற்குள், புரோலின் இருந்தால் சங்கிலி மூடிக்கொண்டு போய்விடும், உழைப்பு வீண்.

இவ்வகை வளையங்களுக்குத் தனியே ஒரு பழைய சரித்திரம் உண்டு. கிளைசின் என்னும் எளிய அமினோ அமிலத்திலிருந்து இவ்வளையத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மனியில் கூர்ட்டியுஸ் செய்தார். புரதத்தின் ரசாயனத்துக்கு அடிகோலிய எமில் ஃபிஷர் தம் முதல் இருபெப்டைடை இந்த வளையத்தை உடைத்துத்தான் பெற்றார். பின்னர் 1920-களில் ஃபிஷரின் சீடரான ஆப்டர்ஹால்டன், புரதம் என்பது நீண்ட சங்கிலியே அன்று, இத்தகைய சிறு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்த கூட்டமே என்று ஒரு கொள்கையைப் பரப்பினார். அது பொய்த்தது. புரதத்தைச் சிதைக்கும் வயிற்று நொதிகள் இந்த வளையங்களைத் தொடுவதேயில்லை என்பது, அதை வீழ்த்திய வாதங்களுள் ஒன்று. கொள்கை செத்தாலும் உண்மை நின்றது: இந்த வளையம் நொதிகளுக்கு எளிதில் இரையாகாது. 1938-ல் கலிபோர்னியாவில் ராபர்ட் கோரி இவ்வளையத்தின் ஸ்படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அணுக்களின் இடைவெளிகளை அளந்தார். புரதத்தின் சுருள் வடிவத்தைப் பௌலிங்கும் கோரியும் 1951-ல் வகுத்தபோது அவ்வளவைகள் கைகொடுத்தன. புரதத்தைத் தவறாக விளக்கிய வளையமே, அதைச் சரியாக விளக்கவும் உதவிற்று என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

நொதிகளுக்கு இரையாகாத பொருள் என்றால் என்ன பொருள்? டி.ஆர்.எச். சில நிமிஷங்களில் மறைய, அதிலிருந்து பிறந்த துண்டோ உடலில் நெடுநேரம் உலவி, பெரும்பாலும் உருமாறாமலேயே சிறுநீரில் வெளியேறுகிறது. நிலைத்திருப்பது எதுவோ அது வேலை செய்யவும் கூடுமல்லவா? இதை முதலில் சோதித்த விதம் எளியது. எலிக்குச் சாராயம் கொடுத்து மயங்கியபின் அதை மல்லாக்கக் கிடத்துவார்கள். தானாகப் புரண்டு நான்கு காலில் நிற்க எத்தனை நேரம் பிடிக்கிறதென்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். டி.ஆர்.எச். அந்த நேரத்தைக் குறைக்கும் என்பது முன்பே தெரியும். சைக்ளோ ஹிஸ்–புரோவும் அதைக் குறைக்கிறது என்று 1977-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் பிரசாத், மட்சுயி, பீட்டர்காஃப்ஸ்கி மூவரும் எழுதினார்கள். கில்லெமினும் ஷாலியும் ஸ்டாக்ஹோமில் பரிசு பெற்ற அதே ஆண்டில், அவர்களுடைய ஹார்மோனின் குப்பையில் ஓர் உயிர் இருக்கிறது என்னும் செய்தி வெளிவந்தது.

மறுவருஷம் இன்னும் சுவாரஸ்யமான இரு செய்திகள் வந்தன. டி.ஆர்.எச். எலியின் உடல் வெப்பத்தை ஒரு திசையில் தள்ள, சைக்ளோ ஹிஸ்–புரோ அதை எதிர்த்திசையில் தள்ளுகிறது என்று பிரசாத் குழுவினர் கண்டார்கள். பெர்லினில் கார்ல் பவரும் அவருடைய சகாக்களும், தாய்ப்பால் சுரப்பதற்குக் காரணமான புரோலாக்டினை டி.ஆர்.எச். பெருக்க, இந்தத் துண்டு அதைக் குறைக்கிறது என்று அறிவித்தார்கள். அப்போது எழுந்த கருத்து மிக அழகானது. ஒரு கட்டளை உடைந்தவுடன் அதன் துண்டே அக்கட்டளையை நிறுத்தும் மறு கட்டளையாகிறது. ஹார்மோன் தன் கடிவாளத்தைத் தன்னுள்ளேயே சுமந்து திரிகிறது! இதை நினைத்தவர்கள் உள்ளம் துள்ளியிருக்கும். ஆனால் அழகு மட்டுமே ஒரு கருத்தை மெய்யாக்கிவிடாது. பவரின் முடிவை வேறு ஆய்வுக்கூடங்கள் சோதித்தபோது எல்லாருக்கும் அது கிட்டவில்லை. பிட்யூட்டரியின் புரோலாக்டினை அடக்கிவைக்கும் தலைமைப் பொருள் டோபமின் என்பதும் அந்தப் பத்தாண்டுகளிலேயே உறுதிப்பட்டது. ஆகவே அந்தக் கடிவாளக் கொள்கை, அழிந்துபோகாமலும் நிலைபெறாமலும் நடுவழியில் நின்றுவிட்டது.

இனிமேல்தான் யாலோ அம்மையாரின் பங்கு வருகிறது. சிறு துண்டு உடலில் இயற்கையாகவே இருக்கிறதா, அல்லது ஆராய்ச்சிக்கூடத்துச் சோதனைக் குழாயில் மட்டுமே தோன்றுகிற மாயமா என்னும் வினா தீராமல் மேலே நகர முடியாது. யாலோவும் அவருடைய சகா பெர்சனும் இன்சுலினுக்காகக் கண்ட ரேடியோ இம்யூனோ அளவை முறை, எந்த மூலக்கூறையும் அதற்கென்று வளர்த்த எதிர்ப்பொருளால் பிடித்து, கதிர்வீசும் ஓர் இணைப்பொருளோடு போட்டியிடவிட்டு, நுண்ணிய அளவிலும் கணக்கிட வல்லது. அம்முறையைக் கொண்டு 1980-ல் யானகிசாவா, பிரசாத், பீட்டர்காஃப்ஸ்கி ஆகியோர் எலி மூளையில் சைக்ளோ ஹிஸ்–புரோ இயற்கையாகவே இருப்பதையும், அது பல உறுப்புகளில் பரவியிருப்பதையும் காட்டினார்கள். பின்னர் மனிதனின் இரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் சிறுநீரிலும் அது காணப்பட்டது.

இங்கேதான் கதை ஒரு திருப்பம் கொண்டது. டி.ஆர்.எச். அதிகமுள்ள இடத்தில் இந்தத் துண்டும் அதிகமிருக்க வேண்டும். குறைந்த இடத்தில் குறையவேண்டும். அப்படி இல்லை. இரண்டின் விநியோகமும் ஒத்துப்போகவில்லை. மேலும் இறால், சூரை மீன், மீன் சாறு முதலிய உணவுகளிலும், நோயாளிகளுக்குக் கொடுக்கும் புரதச் சத்துப் பானங்களிலும் இப்பொருளே காணப்பட்டது; புரதத்தை நொதியாலோ வெப்பத்தாலோ சிதைக்கும்போதெல்லாம் புரோலின் தன் வழக்கப்படி வளையம் பூட்டிவிடுவதே காரணம். சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை ஜப்பானில் நடந்தது. யமடா குழுவினர் டி.ஆர்.எச். மரபணுவையே நீக்கிய சுண்டெலிகளை 1997-ல் உண்டாக்கினார்கள். அவற்றுக்குத் தைராய்டு குறைந்ததோடு, இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே எலிகளின் மூளையில் சைக்ளோ ஹிஸ்–புரோ ஏராளமாகவே இருக்கிறது என்று கண்டார்கள். தாயே இல்லாத வீட்டில் குழந்தை இருந்தது! ஆக, 1976-ல் ஒரு ஹார்மோனின் கழிவாகக் கண்டெடுக்கப்பட்ட பொருள், உண்மையில் அந்த ஹார்மோனை மட்டும் நம்பிப் பிறப்பதன்று. உடலின் வேறு புரதங்களோ நாம் உண்ணும் உணவோ அதற்குப் பிறப்பிடமாயிருக்கலாம். கண்டுபிடிப்பின் பாதை ஒன்றாகவும் பொருளின் பிறப்பு வேறாகவும் இருப்பது விஞ்ஞானத்தில் அபூர்வம் அன்று. ஆனால் இவ்வளவு தெளிவாகப் புலப்படுவது அபூர்வம்.

மூளைக்கு உள்ளே இதைச் செலுத்தினால் எலிகள் உணவைக் குறைத்துக்கொள்கின்றன என்று 1981-ல் மோர்லி, லெவின், பிரசாத் எழுதினார்கள். ஆனால் வளர்சிதை மாற்றத்தைப் பற்றிய பெருங்கவனம் வேறு ஒரு வாசலால் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மூன் சாங் என்பவரும் அவர் குழுவினரும் துத்தநாகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இன்சுலினுக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள உறவு பழையது. துத்தநாகம் சேர்ந்தால்தான் இன்சுலின் ஒழுங்காக ஸ்படிகமாகும் என்பதை டொரோன்டோவில் ஸ்காட் 1934-லேயே கண்டார், கணையத்தின் அணுவறைகளிலும் இன்சுலின் துத்தநாகத்தோடு கூடியே சேமிக்கப்படுகிறது. துத்தநாகம் மிகுந்த உறுப்பாகிய புரோஸ்டேட்டின் சாற்றை, கணையம் பழுதான எலிகளுக்குக் கொடுத்தபோது, குடலில் துத்தநாகம் நன்கு உறிஞ்சப்பட்டு நீரிழிவின் குறிகள் தணிந்தன என்று சாங் குழுவினர் 1990-களில் அறிவித்தார்கள். அச்சாற்றின் வினைக்குக் காரணமானவற்றுள் ஒன்று சைக்ளோ ஹிஸ்–புரோ என்பது அவர்கள் முடிவு. பின்பு துத்தநாகத்தோடு சேர்த்து இதைக் கொடுத்தபோது, நீரிழிவுள்ள எலிகளில் இரத்தச் சர்க்கரையும் எடையும் குறைந்ததாகத் தொடர்ந்து எழுதினார்கள். இக்கூட்டுக் கலவையை மருந்தாக்கும் முயற்சி தென்கொரியாவில் மேற்கொள்ளப்பட்டு, மனிதரிடமும் சோதனைகள் நடந்திருக்கின்றன. இத்தாலியின் பெருஜியாவில் மினெல்லி முதலானோர் வேறு கோணத்தில், ஆக்ஸிஜனால் விளையும் சேதத்திலிருந்து நரம்பணுக்களைக் காக்கும் தன்மை இதற்கு இருக்கிறதா என்று ஆராய்ந்து, அணுவறைகளில் பாதுகாப்பு மரபணுக்களை இது தூண்டுவதைக் காட்டினார்கள்.

இத்தனையும் சொன்னபின், நிலவரத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவது என் கடமை. ஒரு பொருளை ஹார்மோன் என்று முறையாக முடிசூட்ட வேண்டுமானால், அது பிறக்கும் இடம் தெரிய வேண்டும். அது வேலை செய்வதற்குரிய ஏற்பி என்னும் பூட்டு அகப்பட வேண்டும். அதை நீக்கினால் குறையும், சேர்த்தால் நிறைவும் தோன்றவேண்டும். டி.ஆர்.எச்.சுக்கு இம்மூன்றும் உண்டு. சைக்ளோ ஹிஸ்–புரோவுக்கோ, பிறப்பிடம் தகராறில் இருக்கிறது; இதற்கென்ற தனி ஏற்பியை ஐயத்துக்கிடமின்றி எவரும் காட்டவில்லை; பல பலன்கள் எலிகளிடமும் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்த அணுவறைகளிடமும் மட்டும் கண்டவை. ஆகவே இதைப் புதிய ஹார்மோன் என்று கொண்டாடுவதும் தவறு, வெறும் கழிவு என்று தள்ளுவதும் தவறு. விசாரணையில் இருக்கும் வழக்கு இது.

இப்படிச் சொல்வதால் பிரசாத்தும் பீட்டர்காஃப்ஸ்கியும் செய்த காரியத்தின் மதிப்பு என் கண்ணில் எள்ளளவும் குறையவில்லை. உலகமெல்லாம் முழு ஹார்மோனின் புகழில் மயங்கிக் கிடந்த வேளையில், அது உடைந்தபின் என்ன ஆகிறது என்று குனிந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையிலிருந்துதான், பிட்யூட்டரியை நிர்வகிக்கும் பொருளுக்கும் கணையத்துக்கும் துத்தநாகத்துக்கும் உணவுக்கும் இடையே எதிர்பாராத உறவுகள் இருக்கக்கூடும் என்னும் ஆராய்ச்சியே தொடங்கிற்று. உடலில் முடிந்துபோனது என்று ஒன்றை அவசரப்பட்டு எழுதிவிடலாகாது என்பதை அவர்கள் செய்கையாலேயே காட்டினார்கள்.

நீரிழிவால் அவதியுறும் வாசகர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். இப்பொருளின் பெயரைச் சொல்லித் துணை உணவென்றும் சர்வரோக நிவாரணியென்றும் விற்பவர் எவரேனும் உங்கள் வாசலுக்கு வந்தால், எலியின்மேல் கண்ட பலனை மனிதன்மேல் கண்டதாக மாற்றிச் சொல்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தை இதற்காக ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். அடுத்த இதழில், வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளைத் தேடப்போன கில்லெமினின் ஆய்வுக்கூடத்தில், அதை அடக்கும் பொருளாகிய சொமட்டோஸ்டாட்டின் 1973-ல் அகப்பட்ட வரலாற்றைப் பார்ப்போம்.